பூவைச் சுட முடியாது

ஒரு பூ செய்த கொலைக்கு ஒரு பறவையைச் சுட்டால், செத்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்?

ஆர்ஃபா ஸ்ட்ரௌட் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. அவள் கேள்வி கேட்கிற பெண்ணும் இல்லை. ஆனால் பிக்ஹார்ன் மலைச்சரிவில் அவள் வாழ்ந்த வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு அவள் கண்ட பதில் சரியா என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1917 மே மாதத்தில், தம்பி டெல் செத்தான். அவனுக்கு ஆறு வயது. பனி உருகியதும் பிள்ளைகள் ஓடைக்கரையில் காட்டு வெங்காயம் தோண்டித் தின்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதே இடத்தில், அதே மாதத்தில், அதே மாதிரிக் கிழங்கோடு சாவுப்பூவும் முளைக்கும். வெண்ணெய் நிறத்தில் கொத்தாகப் பூக்கும், பார்க்க அழகுதான். கிழங்கில் ஒரே ஒரு வித்தியாசம், அதில் வெங்காய வாசனை இருக்காது. மோந்து பார்த்துவிட்டுத் தின்ன வேண்டும் என்று ஆர்ஃபாதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவனும் சொன்னபடி ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் தின்றான். அன்று அவனுக்குச் சளி பிடித்திருந்தது.

வாயில் நுரை வந்தது. கால் துவண்டது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் அடக்கம். அப்பா ஆன்சல் கல்லறையிலிருந்து திரும்பியவர், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். வானத்தில் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பொன்கழுகைச் சுட்டு வீழ்த்தினார். இழுத்து வந்து தொழுவக் கதவில், இறக்கைகளை விரித்து நான்கு ஆணி அடித்து மாட்டினார்.

"அது என்னங்க பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

"பூவைச் சுட முடியாதுடி" என்றார் அப்பா.

அந்தக் கழுகு இரண்டு வருஷம் கதவில் தொங்கியது. முதலில் நாறியது. பிறகு காய்ந்தது. பிறகு காற்றடிக்கும்போதெல்லாம் இறகு உதிர்த்தது. பால் கறக்கப் போகும்போதும் வரும்போதும் ஆர்ஃபா அதன் அடியில்தான் நுழைய வேண்டும். தலையில் விழுந்த இறகைத் தட்டிவிட்டுக்கொண்டே அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். முகம் இருப்பதைத்தான் மனிதர்களால் வெறுக்க முடியும். கழுகுக்குக் கண் இருக்கிறது, அலகு இருக்கிறது, நிழல் இருக்கிறது. பசித்தால் வருகிறது, ஒன்றைத் தூக்குகிறது, குஞ்சுக்கு ஊட்டுகிறது. பூ எங்கேயும் போவதில்லை. அதற்குப் பசி கிடையாது. தான் கொன்றதை அது தின்பதும் இல்லை. நின்ற இடத்தில் அழகாக நிற்கிறது, அவ்வளவுதான். இரண்டில் எது கொடியது என்று கேட்டால் எல்லோரும் கழுகைக் காட்டினார்கள். அந்த வயதில் அவளும் அதையே காட்டினாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தாரே.

இருபத்திரண்டு வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தவன் எம்மெட் ஸ்ட்ரௌட். நெப்ராஸ்கா பக்கத்து ஆள். கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்துக்காகக் கொயோட்டி நரி பிடிக்கிற வேலை. தொப்பியை ஒரு கையிலும் பூங்கொத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். பூவைப் பார்த்ததும் அம்மா உள்ளே போய்விட்டாள். ஆர்ஃபா சிரித்தாள். அவள் சிரித்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"எங்க பறிச்ச?"

"ஓடைக்கரையில. நல்லாயிருக்குல்ல?"

"ரொம்ப நல்லாயிருக்கு. இதைக் கையில வச்சுக்கிட்டு ஆட்டுப் பக்கம் போயிடாத. கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

அவனையே கட்டிக்கொண்டாள். நல்ல கல்யாணம் என்று சொல்ல முடியாது. பிள்ளை இல்லை. எம்மெட் குடித்தான், கை நடுங்கியது. நரி பிடிப்பதோடு அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாராவது பண்ணையில் ஆடு மாடு செத்தால் போய்ப் பார்த்து, எது கொன்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நடுங்குகிற கையால் தோல் உரிக்க முடியாது என்பதால் அவள் உரித்தாள். 1949இல் அவன் செத்தபோது, ஒரு ஆண்பிள்ளை கிடைக்கிறவரை நீங்களே பாருங்கள் என்றது கவுண்டி. பதினெட்டு வருஷமாகியும் ஆண்பிள்ளை கிடைத்தபாடில்லை.

வேலை எளிது. உயிரோடு இருக்கும்போது குத்தினால்தான் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். செத்த பிறகு எத்தனை குத்தினாலும் கட்டாது. ஆகவே தோலை உரித்து உள்பக்கம் பார்க்க வேண்டும். தொண்டையில் நசுங்கிக் கறுத்திருந்தால் நரி. முதுகிலோ விலாவிலோ ஒரு பக்கம் மூன்று துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை, சுற்றிக் கறுத்த ரத்தம் என்றால் கழுகு. எங்கேயும் எதுவும் இல்லாமல் வாயில் மட்டும் பச்சை நுரை இருந்தால் பூ. பூவுக்குக் கையெழுத்தே கிடையாது.

அவள் அறிக்கையில் ஒரு சொல்தான் இருக்கும். நரி. கழுகு. பூ. அதற்கு மேல் எழுதியதில்லை, அதில் பொய் எழுதியதும் இல்லை. தீவனக் கடையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள்: "ஆர்ஃபா வீட்டுப் பக்கம் மட்டும் செத்துடாதீங்கப்பா. தோலை உரிச்சுப் பாத்துட்டுத்தான் அனுதாபமே சொல்லுவா." அவள் காதில் விழும்படிதான் சொல்வார்கள். அவள் தன் உப்பு மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

பண்ணைக்காரர்களுக்கு எப்போதும் கழுகுதான் வேண்டும். கழுகென்றால் யார் மேலும் குற்றமில்லை. பூ என்றால் மேய்ப்பன் மேல் குற்றம், ஏனென்றால் பசித்த மந்தையைப் பூ நிற்கிற நிலத்தில் இறக்கக் கூடாது என்பது மேய்ப்பனுக்கு முதல் பாடம். 1958இல் நியூ மெக்சிகோவிலிருந்து வந்த எலீசியோ என்ற பையனின் மந்தையில் தொண்ணூறு ஆடு செத்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. அழுதுகொண்டே ஸ்பானிஷில் என்னென்னவோ சொன்னான். அவள் 'பூ' என்று எழுதினாள். அன்று சாயங்காலமே பெட்ரோல் பங்க்கில் படுக்கைச் சுருட்டோடு அவனை பஸ் ஏற்றினார்கள். அதன் பிறகு இந்த மலையில் யாரும் அவனை வேலைக்கு எடுக்கவில்லை. அந்த வழியாகவே ஓட்டிப் போ என்று முதலாளிதான் அவனிடம் சொல்லியிருந்தான் என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிய வந்தது. அதை அவளிடம் போய்ச் சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில்:

"ஆடு எதால செத்துச்சுன்னுதான் என்னைக் கேட்டாங்க. யாரால செத்துச்சுன்னு யாரும் கேக்கல."

நேர்மையான பெண் என்று இதை வைத்துத்தான் ஊரில் அவளைச் சொன்னார்கள். நேர்மைக்கு இவ்வளவு குறைந்த உயரம் போதுமா என்று யோசித்தவர்கள் குறைவு.

1967இல் பனி பிந்தியது. மே மாதக் கடைசியிலும் மேட்டில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு லைல் ஹாகெனின் வண்டி அவள் வாசலில் வந்து நின்றது. லைலுக்கு நாற்பது வயது. அப்பன் விட்டுப்போன பெரிய மந்தைக்குச் சொந்தக்காரன்.

"கிளம்புங்க ஆர்ஃபா. கத்தி எல்லாத்தையும் எடுத்துக்குங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, நூறுக்கு மேல."

"எதால?"

"அதை நீங்கதானே சொல்லணும்? நான் சொன்னா ஏத்துக்குவீங்களா?" வண்டியைத் திருப்பிக்கொண்டே சிரித்தான். "செங்குன்றுல ஒரு கழுகு ஜோடி கூடு கட்டிருக்கு. ரெண்டு வருஷமா சுட அனுமதி கேட்டு எழுதுறேன். பரிசோதகர் கையெழுத்து வேணுமாம். உங்க கையெழுத்துக்கு கவர்னரே காத்துக் கிடக்குறார், பாருங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓடைப் பள்ளம் முழுக்க ஆடு கிடந்தது. பாதிக்கு மேல் செத்திருந்தது. மீதி செத்துக்கொண்டிருந்தது, முன்னங்காலை மடித்து எழுந்திருக்கப் பார்த்து மறுபடி மூக்குக் குப்புற விழுந்தது. இரண்டு மூன்று வாரக் குட்டிகள் செத்த தாயின் மடியை முட்டி முட்டிக் கத்தின. பனி உருகிய ஈரத்தில் சாவுப்பூ வரிசையாக நின்றது. நுனி கடிபட்டவை போக இன்னும் ஏராளமாக மிச்சமிருந்தன. பள்ளத்தின் மறுகரையில் இரண்டு பொன்கழுகுகள் ஒரு ஆட்டின் மேல் ஏறி நின்று இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. வண்டிச் சத்தத்துக்குத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன.

"பாத்தீங்களா? கையும் களவுமா" என்றான் லைல்.

"விருந்துக்கு வந்தவன்லாம் கொலைகாரன்னா, உன் அப்பன் சாவுக்கு வந்து சாப்பிட்டவங்களைப் பூரா தூக்குல போடணும்."

மேய்ப்பன் ஷல்பாத் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். பாஸ்க் நாட்டிலிருந்து வந்து முப்பத்துநாலு வருஷம் இந்த மலையில் ஆடு மேய்த்தவன். அறுபத்துமூன்று வயது. ஊரில் அண்ணன் செத்துவிட்டான், வீடும் நிலமும் அண்ணன் மகனிடம். இங்கே அவனுக்கென்று இருந்தது சக்கரம் வைத்த கூண்டு வண்டி, அதுவும் லைலுடையது. ஒரு நாய் அவன் காலடியில் படுத்திருந்தது. அவனுடைய கோட்டு மடியில் ஒரு சின்ன மூட்டையாக இருந்தது.

ஆர்ஃபா அவனைத் தாண்டிப் போனாள். கத்தியைத் தீட்டி வேலையை ஆரம்பித்தாள். முதல் ஆட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் முதுகெல்லாம் துளை, ஆனால் உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. செத்த பிறகு கொத்தியது. பதினோரு ஆடு உரித்தாள். பதினொன்றும் ஒரே கதை. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது ஷல்பாத் எழுந்து வந்து கோட்டைத் தரையில் விரித்தான். உள்ளே ஒரு குட்டி. அவள் அதன் தோலை மட்டும் மெதுவாக உரித்தாள். விலாவில் மூன்று துளை, மறுபக்கம் ஒன்று. சுற்றிலும் ரத்தம் கறுத்துக் கட்டியிருந்தது.

"இது எப்ப?"

"காலையில, மிசஸ். மேட்டுல." அவனுக்கு முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகும் அவள் மிசஸ்தான். "ராத்திரி பூரா பனி. ஆடு ஒண்ணும் மேயல. வெயில் வந்து இப்பத்தான் வாயை வைக்குது, அந்தப் பறவை வந்துச்சு. குட்டியைத் தூக்கிடுச்சு. நான் கத்துனேன், கீழ போட்டுடுச்சு. மறுபடி சுத்தி வருது. ஜோடியும் சேந்துக்கிச்சு. அங்க ஒரு மரம் மட்டை கிடையாது. இங்க மரத்தடிக்குக் கொண்டு வந்துட்டா குட்டி பொழைக்கும்னு, நாயை விட்டு வேகமா இறக்கிட்டேன்."

"கண்ணை எங்க வச்சிருந்தீர்?"

"மேல."

"கீழ பாக்குறதுக்கு இன்னொரு ஜோடி கண்ணு வாங்கியிருக்கணும்."

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "மே மாசம் இந்தப் பள்ளத்துல ஆட்டை இறக்காதேன்னு புதுசா வர்றவனுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவன் நான், மிசஸ். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப வாத்தியார் பாஸாகல."

லைலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியின் முன்பக்கம் சாய்ந்துகொண்டு சிகரெட் பற்ற வைத்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு ஆர்ஃபா? துரத்துனது கழுகு. துரத்தலைன்னா இவன் ஏன் இறக்குறான்? கழுகுன்னு எழுதுங்க. எனக்கு அனுமதி வந்துரும், கிழவன் அவன் வண்டியில கிடப்பான். பூன்னு எழுதுனா சாயங்கால பஸ். நாயை நான் வச்சுக்குறேன். இந்த ரெண்டுல அதுக்குத்தான் கண்ணு தெரியுது."

ஷல்பாத் அவள் பக்கத்தில் வந்தான். எலீசியோவை எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு சொல்லுக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அழகான காட்சி இல்லை அது.

"மிசஸ், பறவைன்னு எழுதுங்க. உங்களை நான் எதுவும் கேட்டதில்ல. இன்னும் ரெண்டு வருஷம், மூணு வருஷம். அதுக்குள்ள நானே செத்துடுவேன். பறவைன்னு எழுதுங்க."

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. கெஞ்சுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. பதினோரு தோலின் உள்பக்கமும் பார்த்தாயிற்று. பன்னிரண்டாவதையும் பார்த்தாயிற்று. ஒரு குட்டியைக் கொன்றது கழுகு. நூற்று நாற்பது ஆட்டைக் கொன்றது பூ. இதில் சந்தேகமே இல்லை. கழுகு வராமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்பதும் உண்மைதான். டெல்லுக்குச் சளி பிடிக்காமல் இருந்திருந்தால் அவனும் செத்திருக்க மாட்டான். அதற்காகச் சளி கொன்றது என்று யாரும் எழுதுவதில்லை. மோந்து பார் என்று சொல்லிக் கொடுத்தவள் கொன்றாள் என்றும் யாரும் எழுதவில்லை.

கத்தியைப் பனியில் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இன்னும் சாகாததை முடிச்சுட்டு வாரும். அப்புறம் எழுதுறேன்."

"நானா?"

"நான் செத்ததை மட்டும்தான் பாப்பேன். உம்ம ஆடு அது."

ஷல்பாத் போனான். முப்பத்தொரு ஆடு. ஒவ்வொன்றின் தலையையும் முழங்காலில் சாய்த்துக்கொண்டு, காதில் ஏதோ தன் மொழியில் சொல்லிவிட்டு அறுத்தான். குட்டிகள் அவன் பின்னாலேயே கத்திக்கொண்டு போயின. மறுகரையில் கழுகுகள் அசையாமல் காத்திருந்தன. சிகரெட் முடிகிறவரை லைல் பார்த்தான். அப்புறம் வண்டிக்குள் போய் ரேடியோவைப் போட்டான். ஆர்ஃபா நின்ற இடத்திலிருந்து நகராமல் முழுவதையும் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவன் திரும்பி வந்தபோது முழங்கைவரை சிவப்பாக இருந்தான். கத்தியைத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தான்.

அவள் வண்டியின் பானட்மேல் தாளை வைத்து எழுதினாள். லைல் எட்டிப் பார்த்தான்.

கழுகு.

"அடேயப்பா!" லைல் அவள் தோளில் தட்டினான். "பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் உங்களுக்குப் புத்தி வந்துருக்கு. அனுமதி வரட்டும், என் துப்பாக்கியை எண்ணெய் போட்டு..."

"அனுமதி என் பேருக்கு. கீழ எழுதிருக்கேன், படி. வேற யாராவது சுட்டா நான் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்குவேன்."

ஷல்பாத் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ரத்தம்" என்றாள்.

அனுமதி ஜூன் பத்தாம் தேதி வந்தது. மறுநாள் எம்மெட்டின் பழைய துப்பாக்கியோடு செங்குன்றுக்குத் தனியாக ஏறினாள். ஐம்பத்தொன்பது வயதில் அந்த ஏற்றம் லேசானதில்லை. ஆண் கழுகு முதலில் வந்தது. கடைசி நிமிஷம்வரை அவளைக் கவனிக்கவில்லை. பெண், காலில் ஒரு தரை அணிலோடு கூட்டுக்குத் திரும்பியபோது விழுந்தது. கூட்டில் பாதி இறகு முளைத்த இரண்டு குஞ்சுகள் இருந்தன. கூடு செங்குத்துப் பாறையின் நடுவில். மேலிருந்தும் எட்டாது, கீழிருந்தும் எட்டாது. இரண்டு தோட்டா மிச்சமிருந்தது. அவள் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

குஞ்சுகள் கத்தியது ஷல்பாத்தின் கூண்டு வண்டிவரை நான்கு நாள் கேட்டது. ஐந்தாம் நாள் ஒன்றின் சத்தம் மட்டும். ஏழாம் நாள் அதுவும் இல்லை.

இறங்கி வந்த அன்றே ஆண் கழுகை அவன் வண்டிப் படியில் போட்டுவிட்டுப் போனாள். அவன் கதவைத் திறந்து பார்த்து அப்படியே நின்றான்.

"இந்தாரும். இது நீர் பண்ண வேலை."

அவள் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அவன் அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஆடு மேய்த்தான். தீவனக் கடையில் எதிரெதிரே வந்தால் அவன் தொப்பியைத் தொடுவான், அவள் பார்க்க மாட்டாள். அடுத்த வசந்தத்தில் ஆறு பண்ணைக்காரர்கள் கழுகு என்று எழுதச் சொல்லி அவளிடம் வந்தார்கள். அறுவருக்கும் அவள் 'பூ' என்றே எழுதினாள். இரண்டு மேய்ப்பர்கள் பஸ் ஏறினார்கள். ஷல்பாத்துக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா என்று அவர்களில் ஒருவன் அவள் வாசலில் நின்று கத்தினான். அவள் கதவைச் சாத்தினாள். எலீசியோவுக்காக என்றார்கள் சிலர். கிழவன்மேல் அவளுக்கு ஒரு காலத்தில் கண் இருந்தது என்றார்கள் சிலர். ஒரு தடவையாவது பொய் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டிருப்பாள் என்றான் லைல். எல்லாமே சொல்ல எளிதான காரணங்கள்.

கழுகுகளைச் சுட்ட அன்று பெண் கழுகை மட்டும் அவள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அவள் இருந்தது அப்பா விட்டுப்போன வீட்டில்தான். அவருடைய தொழுவம் அப்படியே இருந்தது, கதவும் அதே கதவு. மூன்று தடவை சாயம் அடித்தும் பழைய ஆணித் துளைகள் நான்கும் தெரிந்தன. இறக்கைகளை விரித்து, அந்தத் துளைகளிலேயே நான்கு ஆணிகளையும் வைத்து அடித்தாள்.